கொம்பும் காதெலும்பும்

பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் மாலையில் வீடு திரும்பும் வெள்ளாட்டின் காலைப் பாருங்கள். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். அதே குளம்புக் கூட்டத்தைச் சேர்ந்த, அழிந்துபோன இரண்டு பேரினங்கள் இமய அடிவாரத்தில் கிடைத்தன: சிவதீரியம், இந்தோஹையஸ்.

மார்க்கண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த மண்டையோட்டுக்கு 1836இல் சிவதீரியம் என்று பெயரிட்டவர்கள் ஹியூ ஃபால்கனரும், பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டிய புரோபி காட்லியும். 'சிவனின் விலங்கு' என்று பொருள். தணிகைமலை முருகனைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு, அவன் அப்பன் பெயரில் ஒரு விலங்கு இருந்ததைப் படித்த நாளின் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் உறவு, ஆனால் கழுத்து குட்டை. கொம்பு நான்கு, பின்னிரண்டும் அகன்று விரிந்தவை. யானைக்கு நிகரான உடல் என்றே நெடுநாள் எழுதினார்கள். எலும்புகளைக் கணினியில் பூட்டிப் பார்த்த 2016 ஆய்வில் எடை சுமார் 1,250 கிலோ என்று வந்தது. ஆப்பிரிக்க யானையின் பக்கத்தில்கூட நிற்காது. நம் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கோடரி செதுக்கிய 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய நாட்களிலும் இப்பேரினம் உலகில் இருந்தது.

இந்தோஹையஸ் இதற்கெல்லாம் வெகு முந்தியது, 4.8 கோடி ஆண்டுகள். பூனையைவிடச் சற்றே பெரிய உடல், கொம்பு கிடையாது. ஜம்முவின் காலாகோட்டில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் கண்டெடுத்து 1971இல் பெயரிட்டார். அவர் சேர்த்த பாறைகள் அவர் காலமான பின்னும் பிரிபடாமல் கிடந்தன. அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே காதெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அப்படித் தடித்த காது அதுவரை திமிங்கில வகையில் மட்டுமே தெரிந்த அடையாளம்! 2007இல் செய்தி வெளிவந்தது. நீர்யானைக்குப்போலக் கால் எலும்புகளும் கனத்திருந்தன. ஆற்றில் இறங்கி நடக்கையில் உடல் மிதக்காமல் அவை இழுத்துப் பிடித்திருக்கும்.

எனக்கு இந்தச் சிறியதுதான் பெரிது. சிவதீரியத்தின் கொம்பு பார்த்தவுடன் வாய் பிளக்க வைத்தது. அந்த வியப்பே உடலளவை ஊதிவிட்டது. இதுவோ உடைந்த பிறகே பேசியது, பேசியதும் கடலின் கதையை. நம் காட்டுச் சருகுமானுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு; கழுகு துரத்தினால் ஆற்றில் குதித்து முங்கிக்கொள்ளும். இந்தோஹையஸும் அப்படித்தான் தண்ணீருக்குப் பழகியிருக்கும் என்கிறார்கள்.

இரு முனையிலும் கிணற்று ராட்டினம்போலப் பள்ளம் விழுந்த கணுக்கால் எலும்பு சிவதீரியத்துக்கும் உண்டு, இந்தோஹையஸுக்கும் உண்டு. கால் இருந்த பழைய திமிங்கிலங்களிடமும் அதே எலும்பு இருந்ததை 2001இல் கண்டார்கள். நம் தெரு வெள்ளாட்டின் பின்னங்காலிலும் அது இருக்கிறது.