இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதம்

இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையை அமைத்தவர் யாவர் என வினவினால், வரலாற்று நூல்கள் சில பொறியியலாளரின் பெயர்களையும் சில கொம்பனிகளின் பெயர்களையும் எடுத்துக் கூறும். அப்பாதை எவ்வாறு பயன்பட வேண்டும் என்று தீர்மானித்தவர் யாவர் என வினவினாலோ, பெயர் அறியப்படாத ஒரு பெருங்கூட்டத்தையே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். நாள்தோறும் சீட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கிச் சென்ற பிரயாணிகளே அவர்கள். கொம்பனியாரும் அரசினரும் ஒன்று நினைக்க, பிரயாணிகள் வேறொன்று செய்ய, பிரயாணிகளின் வழக்கமே காலப்போக்கில் விதியாகிவிட்டது. இது ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் வீதிகள் குதிரை வண்டிகளால் நிறைந்து மூச்சுத் திணறின. நகரின் நடுவே நெருக்கமான சந்துகளில் தொழிலாளர் குடும்பங்கள் அடைந்து கிடந்தன. வேலைக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே அவர்கள் வசிக்க வேண்டியிருந்தது. இவர்கள் நகருக்கு வெளியே நல்ல காற்றில் வாழ்ந்து, காலையில் வந்து மாலையில் திரும்ப வழி செய்ய வேண்டும் என்று நகர சபையின் சட்டத்தரணி சாள்ஸ் பியர்சன் என்பார் பல ஆண்டுகள் வாதாடினார். பாதை திறக்கப்படுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1862ஆம் ஆண்டு செப்டெம்பரில் இறந்துபோனார். நான்கு மாதங்களின் பின், 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

வீதியைப் பிளந்து பெரும் அகழி தோண்டி, இருபுறமும் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடி, அதன்மேல் மீண்டும் வீதியைப் போட்டார்கள். இருளும் புகையும் நிறைந்த அந்தக் குகைக்குள் மனிதர் மனமுவந்து இறங்குவாரோ என்று ஐயுற்றோர் பலர். முதல் நாளிலேயே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறங்கினார்கள். நீராவி இயந்திரங்கள் புகை கக்கின. பெட்டிகளில் வாயு விளக்குகள் எரிந்தன. புகையிரதம் என்னும் தமிழ்ச் சொல் உலகில் எந்தப் பாதைக்கேனும் முழுமையாகப் பொருந்துமாயின், அது இந்தப் பாதைக்கே பொருந்தும். அடுத்த ஆண்டிலேயே தொழிலாளருக்கென அதிகாலை வண்டிகளும், போய்வர 3 பென்ஸ் மட்டும் கொண்ட மலிவுச் சீட்டும் ஏற்பட்டன. பியர்சனின் எண்ணம் அவர் மறைந்த பின்னர் இவ்வாறு பலிக்கத் தொடங்கியது.

1890ஆம் ஆண்டில் புகையில்லாத பாதையொன்று தோன்றிற்று. கிறேட்ஹெட் என்னும் பொறியியலாளர் கேடயம் போன்ற ஒரு பெரிய இரும்பு உருளையைக் களிமண்ணுக்குள் தள்ளித் தள்ளி, வீதியைத் தொடாமலே மிக ஆழத்தில் வட்டமான சுரங்கம் அமைத்தார். அதில் மின்சாரத்தால் வண்டி ஓடிற்று. எவ்வளவு தூரம் சென்றாலும் கட்டணம் 2 பென்ஸ். முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவு இல்லை. சுரங்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிய கொம்பனியார், கூரையை ஒட்டிச் சிறு கண்ணாடிக் கீற்றுகளை மட்டுமே வைத்தனர். மக்கள் அப்பெட்டிகளுக்கு ‘மெத்தை வைத்த சிறையறை’ என்று பட்டப் பெயர் சூட்டினார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிடினும் மனிதனுக்குச் சாளரம் வேண்டும் போலும். பின்னர் செய்த பெட்டிகளில் கொம்பனியார் சாளரம் வைத்தனர். 1900இல் திறந்த மற்றொரு பாதையை மக்கள் ‘இரண்டு பென்ஸ் குழாய்’ என்று அழைத்தனர். கட்டணம் மாறி நெடுங்காலம் ஆயினும் குழாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பாதைகள் பெருகப் பெருக அவற்றின் வரைபடம் சிக்கலான நூற்பந்துபோல் ஆயிற்று. சமிக்ஞைப் பகுதியில் படவரைஞராக இருந்த ஹரி பெக் என்பவர் 1931இல் ஒரு புதுப் படம் வரைந்தார். கோடுகள் யாவும் நேராகவோ சரிபாதிச் சாய்வாகவோ சென்றன; நகர நடுவண் பகுதி பெரிதாயிற்று, புறநகர் சுருங்கிற்று; தேம்ஸ் நதியைத் தவிர நிலத்தின் மேல் உள்ளவை யாவும் மறைந்தன. தூரத்தைப் பொய்யாகக் காட்டும் படத்தை மக்கள் ஏற்பரோ என்று அதிகாரிகள் முதலில் மறுத்தனர். 1933 ஜனவரியில் அது வெளிவந்ததும் மக்கள் ஆவலோடு வாங்கிச் சென்றனர். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்ற மூன்றையுமே பிரயாணி அறிய விரும்பினான். இன்று 272 நிலையங்களும் 11 பாதைகளும் கொண்டு விரிந்துள்ள அவ்வமைப்பின் படமும் அந்த முறையிலேயே வரையப்படுகிறது.

1911ஆம் ஆண்டு ஏர்ள்ஸ் கோட் நிலையத்தில் முதன்முதல் நகரும் படிக்கட்டு அமைந்தது. நிற்போர் வலப்புறம் நிற்க, விரைவோர் இடப்புறம் ஏறிச்செல்வது இலண்டனில் அசைக்க முடியாத வழக்கம். இருபுறமும் நின்று சென்றால் கூடுதலானோர் ஏறலாம் என்று அதிகாரிகள் கணக்கிட்டு, 2015இலும் 2016இலும் ஹோபர்ன் நிலையத்தில் அவ்வாறு நிற்கச் செய்து பார்த்தனர். கணக்குச் சரியாகவே இருந்தது, பிரயாணிகளோ முணுமுணுத்தனர். பழைய வழக்கமே நீடிக்கிறது. ஆனால் பிரயாணிகளின் வழக்கம் எப்போதும் நன்மையே பயக்கும் என்று சொல்லிவிட முடியாது. நிலத்துக்குக் கீழுள்ள நிலையங்களில் புகைத்தல் 1985இல் தடுக்கப்பட்ட பின்னரும், பலர் படிக்கட்டில் மேலே செல்லும்போதே சுருட்டைப் பற்றவைத்தனர். 1987 நவம்பர் 18ஆம் திகதி கிங்ஸ் குறொஸ் நிலையத்தில், மரத்தாலான படிக்கட்டின் கீழ் விழுந்த ஒரு தீக்குச்சியால் 31 உயிர்கள் மாய்ந்தன.

பிரயாணிகளுக்கும் அரசினருக்கும் இடையே நிகழ்ந்த பெரும் இழுபறியைக் காண்பதற்கு, அதற்கு முந்திய போர்க்காலத்துக்குச் செல்ல வேண்டும். நிலக்கீழ் நிலையங்களில் மக்கள் அடைக்கலம் புகக்கூடாது என்பது இரண்டாம் உலக யுத்தத் தொடக்கத்தில் பிரித்தானிய அரசின் கொள்கை. வண்டிகள் தடையின்றி ஓட வேண்டும் என்பது ஒரு காரணம். ஆழத்தில் புகுந்த மக்கள் அச்சத்தால் மேலே வர மறுத்துவிடுவர் என்பது மற்றொன்று. 1940 செப்டெம்பர் 7ஆம் திகதி இலண்டன்மீது தொடர்ச்சியான குண்டுவீச்சு ஆரம்பித்தது. மக்கள் விதியை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. ஒன்றரைப் பென்ஸ் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினார்கள், போர்வையும் குழந்தையுமாகக் கீழே இறங்கினார்கள், மேலே வரவில்லை. சீட்டு வைத்திருப்பவரை எந்தச் சட்டத்தால் வெளியேற்றுவது? சில வாரங்களில் அரசு இணங்கிற்று. அம்மாத இறுதியில் ஓரிரவு எடுத்த கணக்கில் 177,000 பேர் அங்கே உறங்கினார்கள்.

மேடைகளில் இரு வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டன. ஒன்று விளிம்பிலிருந்து 8 அடியில், மற்றையது 4 அடியில். இரவு ஏழரை மணிவரை உறங்க வந்தோர் முதற் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கியிருக்க வேண்டும். அதன்பின் இரண்டாம் கோடுவரை வரலாம். வண்டிகள் நின்றதும் விளிம்புவரை படுக்கலாம். வேலை முடிந்து வண்டியிலிருந்து இறங்கியவர்கள், உறங்குவோரின் கால்களுக்கும் வண்டிக்கும் இடையே இருந்த அந்த ஒடுங்கிய இடத்தால் நடந்து வீடு சென்றார்கள். பின்னர் அடுக்குக் கட்டில்களும் மலசலகூடங்களும் வந்தன. உணவு ஏற்றிய வண்டியொன்று நிலையம் நிலையமாகச் சென்றது. சிற்பி ஹென்றி மூர் அக்காட்சிகளைச் சித்திரங்களாகத் தீட்டினார். நகர மக்களுள் சிறு பகுதியினரே அங்கு உறங்கினர் என்பதையும், ஆழம் எப்போதும் காக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1940 ஒக்டோபர் 14ஆம் திகதி பால்ஹாம் நிலையத்தின் மேல் வீதியில் குண்டு விழ, நீரும் மண்ணும் உள்ளே பாய்ந்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மிகப் பெரிய உயிர்ச்சேதமோ குண்டு எதுவும் விழாமலே நிகழ்ந்தது. பெத்னல் கிறீன் நிலையம் அப்போது கட்டி முடியாதது. வண்டி ஓடாத அந்நிலையம் முழுவதும் அடைக்கலமாகவே பயன்பட்டது. அதற்கு ஒரே வாயில், இருளடைந்த படிக்கட்டு, நடுவிற் கைப்பிடி இல்லை. வாயிலைச் சீர்செய்யப் பணம் வேண்டும் என்று உள்ளூர்ச் சபை 1941இல் கேட்டிருந்தது, மேலதிகாரிகள் மறுத்துவிட்டனர். 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு அபாயச் சங்கு ஒலித்தது. அருகிலிருந்த பூங்காவிலிருந்து விமான எதிர்ப்பு உந்துகணைகள் பழக்கமில்லாத பேரொலியோடு கிளம்ப, குண்டுதான் விழுகிறது என்று கூட்டம் வாயிலை நெருங்கிற்று. குழந்தையோடு இறங்கிய பெண்ணொருத்தி அடிப்படிகளில் இடறி விழுந்தாள். அவள்மேல் ஒருவர், அவர்மேல் மற்றொருவர். 173 பேர் மூச்சு முட்டி இறந்தனர். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். விசாரணை அறிக்கையை அரசு 1945 வரை வெளியிடவில்லை. மறுக்கப்பட்ட கைப்பிடி மட்டும் விரைவிலேயே பொருத்தப்பட்டது.

1946 டிசெம்பரில் அந்நிலையத்தில் முதல் வண்டி வந்து நின்றது. வாயிலருகே உள்ள பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் மரப் படிக்கட்டாக ஒரு நினைவுச் சின்னம் 2017இல் நிறைவுற்றது. இறந்தோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. காலையில் வேலைக்குச் செல்வோர் அதன் ஓரமாக வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதே பத்தொன்பது படிகளில் இறங்கிச் செல்கின்றனர்.