வீடு தேடி வந்த மேய்ப்பர்

நமது பங்கு யூபிலி விழாக் கொண்டாடும் இந்நன்னாளிலே, கோயில் எழுந்த வரலாற்றையும் கோபுரம் உயர்ந்த வரலாற்றையும் இம்மலரில் பலரும் எழுதுவர். கோயிலே இல்லாதிருந்த ஒரு காலத்தில், வீடுகளே விசுவாசத்தைக் காத்த வரலாற்றை அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்கு உரியனவாயின. திவ்விய பலிபூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி, நிலையாகத் தங்கிய குருவானவர் ஒருவருமின்றி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்தன. தாய்மார் அடுப்பங்கரையில் பிள்ளைகளுக்கு மெல்லிய குரலில் சொல்லிக் கொடுத்த செபங்களே மிஞ்சின.

இந்நிலையைக் கேள்வியுற்று மனம் உருகியவர் கோவை நாட்டுப் பெனாலிம் ஊரைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார். 1651இல் பிறந்து, 1676இல் குருப்பட்டம் பெற்றவர். கூலியாள் வேடம் பூண்டு, யோவான் என்னும் இளைஞரைத் துணையாகக் கொண்டு, 1687இல் இலங்கைக் கரை சேர்ந்தார். கடும் வயிற்றுக்கடுப்பினால் நடக்கவும் இயலாமல் யாழ்ப்பாணத்தில் கிடந்தவருக்கு, கஞ்சி ஊற்றி உயிர் காத்தவர் ஓர் ஏழைப் பெண்மணி.

நோய் நீங்கியதும் அடிகளார் செய்தது என்ன? கழுத்தில் செபமாலை ஒன்றை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். எவருடைய கண்கள் அச்செபமாலையில் நிலைக்கின்றன என்று கவனித்தார். இவ்வாறே மறைந்திருந்த கத்தோலிக்கரை ஒவ்வொருவராக அறிந்துகொண்டார். ஆடுகள் பட்டிக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பட்டியே இல்லாத ஆடுகளிடம் மேய்ப்பரே போனார்.

பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளுக்குச் சென்றார். ஒரு வீட்டில் ஞானஸ்நானம், மற்றொரு வீட்டில் பாவசங்கீர்த்தனம், வேறொரு வீட்டில் மரணப் படுக்கையில் கிடந்தவருக்கு அவஸ்தைப்பூசுதல். விடியுமுன் திவ்விய பலிபூசை. அவருக்குக் கதவு திறந்த ஒவ்வொரு குடும்பமும் தன் உயிரைப் பணயம் வைத்தே திறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மக்கள் கூடியிருந்த வேளையில் ஒல்லாந்த வீரர் புகுந்தனர். அடிகளார் தப்பினார், விசுவாசிகள் பலர் பிடிபட்டுக் கொடிய தண்டனை அடைந்தனர். ஆயினும் எவரும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அடிகளார் 1690இல் புத்தளத்திற்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். கண்டியில் போர்த்துக்கீச உளவாளி என்ற ஐயத்தால் சிறைப்பட்டுப் பின்பு விடுதலை பெற்றார். 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியபோது, நோயாளரைச் சொந்த உறவினரே கைவிட்டுக் காட்டில் விட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனாரான கர்வாலியோ அடிகளாரும் குடிசை குடிசையாகச் சென்று, புண்களைக் கழுவி, உணவு ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். சாதி, சமயம் எதையும் அவர்கள் கேட்கவில்லை.

ஒரு குருவானவரால் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? இதை உணர்ந்த அடிகளார் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், சிறுவர்க்கு மந்திரம் கற்பிப்பதும், நோயாளரைச் சந்திப்பதும், சாகுந்தறுவாயில் உள்ளோருக்கு ஞானஸ்நானம் அளிப்பதும் இவர்கள் பொறுப்பாயின. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் இவர்களுக்குப் பேருதவி புரிந்தன. 1711 சனவரி 16ஆம் நாள் வாஸ் அடிகளார் கண்டியில் உயிர் நீத்தார். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களோ 1806இல் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீங்கின. இடைப்பட்ட 95 ஆண்டுகளும் கோவையிலிருந்து மாறி மாறி வந்த சில குருமாரும், எண்ணற்ற மூப்பரும் அண்ணாவியாரும் வீடு வீடாகக் காத்த விளக்கே அணையாது எரிந்தது. 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பர்களே, இன்று நம் வாசலில் காவல் வீரர் இல்லை. குருவானவரோ, உபதேசியாரோ, அன்பியப் பொறுப்பாளரோ வீட்டிற்கு வந்தால் நமக்குத் தண்டனையும் இல்லை. அப்படியிருந்தும், அவர்கள் வரும் வேளையில் தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்த நமக்கு மனம் வருகிறதா? நான்காம் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை நம்மில் எத்தனை பேர் சென்று பார்த்தோம்? கோயிலைக் கட்டி முடித்துவிட்டோம், அதற்கு நன்றி. வீடுகளைக் கட்டும் வேலை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்குகிறது. வாசல் தேடி வருவோரை வரவேற்கவும், வாசல் தேடிப் போகவும் புனித யோசேவ் வாஸ் நமக்காக வேண்டிக்கொள்வாராக!