இணைத்தவரே பொறுப்பாளி

ஒரு தொழிற்சாலையில் நிரப்பும் இயந்திரம் ஒருவரிடமிருந்தும், கன்வேயர் பட்டி இன்னொருவரிடமிருந்தும், பொதி அடுக்கும் ரோபோ வேறொருவரிடமிருந்தும் வாங்கப்பட்டு ஒரே தொடராக இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுடனும் ஒரு பாதுகாப்புப் பத்திரம் வருகின்றது. ஆனால், முழுத் தொடருக்கும் சான்றளிப்பவர் யார்?

2009 டிசெம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 இலக்க இயந்திரப் பணிப்புரை இதற்குத் தெளிவான விடை தந்தது. ஒரே நோக்கத்துக்காக ஒன்றாய் இயங்குமாறு ஒழுங்குபடுத்திக் கட்டுப்படுத்தப்படும் தொகுதியும் ஓர் இயந்திரமே. அதனை இணைப்பவரே உற்பத்தியாளர். இடர்களை மதிப்பிட்டு, தொழில்நுட்பக் கோவையைத் தயாரித்து, இணக்கப் பிரகடனத்தில் கையொப்பமிட்டு, சீ.ஈ. அடையாளமிட வேண்டியவரும் அவரே. தொழிற்சாலை உரிமையாளர் தமது பாவனைக்குத் தாமே இணைத்தால், அப்பொறுப்பு அவரையே சாரும். தனித்துப் பயன்படாத பகுதி இயந்திரத்தை வழங்குபவரோ, கூட்டிணைப்புப் பிரகடனமும் பொருத்தும் அறிவுறுத்தலும் அளிப்பார், சீ.ஈ. அடையாளம் இடமாட்டார்.

இது வெறும் கடதாசி விவகாரமன்று. இரு இயந்திரங்கள் சந்திக்கும் இடத்திலே, தனித்தனியே இல்லாத ஆபத்துகள் பிறக்கின்றன. ரோபோவின் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திய பின்னரும் பட்டி ஓடுமாயின், அதிற் சிக்கிய கையை எந்தத் தனிப் பத்திரமும் காக்காது. தொடர்ந்து இயங்குவது ஆபத்தாயின் தொடர்புடைய சாதனங்களையும் அப்பொத்தான் நிறுத்த வேண்டுமென்பது பணிப்புரையின் விதி.

அதற்குப் பதிலாக 2023இல் நிறைவேற்றப்பட்ட 2023/1230 இலக்க ஒழுங்குவிதி, 2027 ஜனவரி 20ஐத் தன் நடைமுறைத் திகதியாகக் குறித்துள்ளது. பாதுகாப்பைப் பாதிக்கும் வகையில் இயந்திரத்தைக் கணிசமாக மாற்றியமைப்பவரையும் அது உற்பத்தியாளராகவே கருதுகின்றது.

பொறுப்பாளியை விபத்தின் பின்னர் தேடலாகாது. கொள்வனவு ஒப்பந்தத்திலேயே அவர் யாரெனக் குறிக்கப்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.