துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கிப் போட வேண்டாம்

பழைய இரும்பு வாங்கும் லாரிகளில் பாட்டி காலத்துத் தோசைக்கற்களும் பணியாரச் சட்டிகளும் போய்ச் சேர்வது உண்டு. துருப்பிடித்துவிட்டது, மாவு ஒட்டுகிறது என்பவையே பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள். இவ்விரண்டையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். விரிசல் விட்ட வார்ப்பிரும்புப் பாத்திரத்தை மட்டுமே கைவிட வேண்டும்.

வார்ப்பிரும்பு என்பது உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்வது. கனமாக இருக்கும், சூட்டை நெடுநேரம் தாங்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். சூடான கல்லில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் விரிசல் விடலாம்.

பழக்குதல் என்றால் என்ன?

இரும்பின் மேல் மெல்லியதாகப் பூசிய எண்ணெய் கடுஞ்சூட்டில் இறுகி, கருமையான படலமாக ஒட்டிக்கொள்கிறது. மாவு ஒட்டாமல் காப்பதும் துருவைத் தடுப்பதும் இந்தப் படலம்தான். இதை உண்டாக்குவதையே கல்லைப் பழக்குதல் என்கிறோம்.

துருவை நீக்கும் முறை

புளிக்கரைசலைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, கம்பி நாரால் தேய்க்க வேண்டும். துரு அதிகமாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவைக்கலாம். அதற்கு மேல் விட்டால் புளிப்பு இரும்பையே அரிக்கும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்ச வேண்டும்.

சூடு தணியும் முன்பே நல்லெண்ணெய், சோள எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெயைச் சில துளிகள் விட்டுத் தடவி, பிறகு துணியால் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் பிசுபிசுப்பாகிவிடும். சன்னல்களைத் திறந்து வைத்து, புகை வந்து அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் கல் கறுத்து மினுமினுக்கும். முதல் சில தோசைகள் ஒட்டினாலும் போகப்போகச் சரியாகிவிடும்.

அன்றாடப் பராமரிப்பு

சமைத்தபின் வெதுவெதுப்பான நீரும் தேங்காய் நாரும் போதும். சிறிதளவு பாத்திரம் கழுவும் திரவம் படலத்தைக் கெடுக்காது. சாம்பலோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்தால் படலம் உரிந்துவிடும். இரவு முழுவதும் சிங்க்கில் ஊறவைக்கக் கூடாது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தில், சரியாகக் காயாத கல்லில் ஓரிரவிலேயே துரு தட்டிவிடும். எனவே கழுவியதும் அடுப்பில் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைப்பது நல்லது.

புளிக்குழம்பு, ரசம், அசாம் பெடாஸ் போன்றவற்றை இதில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டாம். படலம் கரையும், குழம்பிலும் இரும்பு வாடை அடிக்கும். கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பில் கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

உடல்நலம்

இரும்புப் பாத்திரத்தில் சமைக்கும் உணவில் சிறிதளவு இரும்புச்சத்து சேர்கிறது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இது ஓரளவு துணை. மருந்துக்கு மாற்று அல்ல. அதேவேளை, தலசீமியா போன்ற நோயால் உடலில் இரும்புச்சத்து மிகுந்துள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இத்தகைய பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டும்.