மல்கோத்ரா – பிரமோத் குமார் – மகேசுவரி நெறிமுறை

ஒரு வலையமைப்பில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அதிக அளவாக எவ்வளவு அனுப்பலாம் என்பது பெரும பாய்வுக் கணக்கு எனப்படும். இதற்கான நெறிமுறைகளுள் ஒன்று இந்தியாவில் உருவானது. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வி. எம். மல்கோத்ரா, எம். பிரமோத் குமார், எஸ். என். மகேசுவரி ஆகிய மூவரும் 1978ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். கட்டுரையின் நீளம் இரண்டே பக்கங்கள்.

இக்கணக்கு பனிப்போர்க் காலத்தில் பிறந்தது. சோவியத் இருப்புப்பாதைகளின் சரக்குத் திறனைப் பற்றி ஹாரிஸ், ராஸ் ஆகிய அமெரிக்கர்கள் 1955இல் இரகசிய அறிக்கை எழுதினர். அடுத்த ஆண்டே ஃபோர்டு, ஃபல்கர்சன் இருவரும் பொதுத் தீர்வு தந்தனர். இடமுள்ள ஒரு பாதையைக் கண்டு நிரப்ப வேண்டும். பிறகு அடுத்த பாதையைத் தேட வேண்டும். பாதைகளைத் தேர்வதில் கவனமில்லாவிட்டால் இவ்வேலை மிக நீண்டுவிடும். 1970இல் தினிட்ஸ் என்பவர், புறப்படும் இடத்திலிருந்து எத்தனையாவது படியில் உள்ளன என்று பார்த்து இடங்களை அடுக்குகளாகப் பிரித்தார். அடுக்குகளை நிரப்புவதை 1974இல் கர்சானவ் விரைவாக்கினார். ஆனால் அவருடைய வழி சிக்கலானது. கான்பூர் மூவர் அதே வேகத்தை எளிய வழியில் எட்டினர்; அவர்களுடைய பெருமை இதில்தான் உள்ளது.

விருதுநகர் மாவட்டச் சாலைகளைக் கொண்டு இதனை விளக்கலாம். சிவகாசியிலிருந்து மதுரைக்குப் பட்டாசு லாரிகள் விருதுநகர் வழியாகவும் செல்லலாம், திருவில்லிபுத்தூர் வழியாகவும் செல்லலாம். இரண்டும் திருமங்கலத்தில் கூடுகின்றன. ஒரு மணி நேரத்தில் விருதுநகருக்குள் 60 லாரிகள் வரலாம், 40 வெளியேறலாம் என்று கொள்வோம். சிறிய எண்ணான 40 அவ்வூரின் திறன் ஆகும். திருவில்லிபுத்தூருக்கு வரவு 30, செலவு 25, திறன் 25. திருமங்கலத்துக்கு வரவு 65, செலவு 50, திறன் 50.

பெரிய சாலையிலிருந்து தொடங்கவே நமக்குத் தோன்றும். இம்முறையோ திறன் மிகக் குறைந்த ஊரான திருவில்லிபுத்தூரிலிருந்து தொடங்குகிறது. அதன் வழியே 25 லாரிகளை அனுப்பினால் வேறெந்த ஊரிலும் அவை தேங்கா. ஏனெனில் மற்ற ஊர்களின் திறன் அதைவிடக் குறைவில்லை. அவ்வூர் நிரம்பியதால் கணக்கிலிருந்து நீங்குகிறது. இப்போது திருமங்கலத்தில் மீதி 25. அதையும் விருதுநகர் வழியாக நிரப்பினால் மொத்தம் 50. சிக்கலான வலையமைப்புகளில், அனுப்பியதைத் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து அடுக்குகளை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடமாவது நீங்குவதால் வேலைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு இடங்களின் எண்ணிக்கையின் முப்படியைப் பொறுத்தது. இடங்கள் இரட்டித்தால் அது எட்டு மடங்காகும். 1980களில் கோல்டுபெர்க், டார்ஜன் இருவரும் இதைவிட விரைவான முறையைக் கண்டனர்.