ஜேன் கிரேயின் முகம் எது?



நம் மாணவர்கள் திரட்டேட்டில் வரலாற்று மாந்தர்களின் படங்களை ஒட்டி, கீழே பெயர் எழுதி வருகின்றனர். பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். படம் அவருடையதுதானா என்று பார்ப்பது அரிது. ஐரோப்பாவின் பழைய உருவ ஓவியங்களைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். அவற்றுள் பலவற்றில் இருப்பவர் யாரென்ற குறிப்பே கிடையாது. பிற்காலத்தார் எழுதிவைத்த பெயர்களோ பலவேளைகளில் பொய்த்துப் போகின்றன. இங்கிலாந்தின் ஜேன் கிரேயை எடுத்துக்கொள்வோம்.

மன்னர் ஆறாம் எட்வர்டு 1553 ஜூலை 6-ஆம் நாள், பதினைந்தே வயதில் மறைந்தார். அவருக்குப்பின் அரசியென அறிவிக்கப்பட்டவர் உறவுப் பெண்ணான ஜேன். ஜூலை 10 முதல் 19 வரை, ஒன்பது நாள் ஆட்சி. பிறகு மேரி அரியணை ஏற, ஜேன் சிறைப்பட்டார். 1554 பிப்ரவரி 12-ஆம் நாள் இலண்டன் கோபுரத்தில் அவர் தலை வெட்டப்பட்டது. இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினாறோ பதினேழோ வயது. அவர் உயிரோடிருந்தபோது வரையப்பட்டது என அனைவரும் ஐயமின்றி ஏற்கும் ஓவியம் ஒன்றுகூட இல்லை.

ஆயினும் உலகம் அவர் முகத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. பலரும் அறிந்த படம் பிரெஞ்சு ஓவியர் பால் தெலரோஷ் 1833-இல் தீட்டியது. வெண்ணிற ஆடையில், கொலைக்கட்டையைக் கையால் துழாவும் பெண். அவர் இறந்து 279 ஆண்டுகள் கழித்து வந்த கற்பனை அது. அதிலும் கண்கள் துணியால் கட்டப்பட்டுள்ளன!

இனி, ஆய்வுக்குரிய படங்களைக் காண்போம். இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் 1965-இல் ஆளுயர ஓவியம் ஒன்றை வாங்கியது. அது ஏறத்தாழ 1545-இல் வரையப்பட்டது. எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவி கேத்தரின் பார் என்றே அதை வழிவழியாகச் சொல்லி வந்தனர். காட்சியகத்துக்கு வந்தபின் அதற்கு ஜேன் கிரே என்று பெயர் மாற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் அந்தப் பெயர் நிலைத்தது. எத்தனை நூல்களில் அந்த முகம் ஜேன் என அச்சேறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு நகை. படத்திலுள்ள பெண் மார்பில் அணிந்திருப்பது மகுடத் தலைப்புடைய பதக்கம். சூசன் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் கேத்தரின் பாரின் நகைப்பட்டியலில் அதே பதக்கத்தின் விவரம் இருப்பதைக் கண்டறிந்து 1996-இல் கட்டுரை எழுதினார். ஓவியம் தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. பழைய புகைப்படத்தில் இருப்பவர் யாரென்பதை முகத்தைப் பாராமல் அட்டிகையைப் பார்த்தே சொல்லிவிடும் பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டல்லவா? ஆண்டுக்கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. 1545-இல் ஜேன் எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி. படத்தில் நிற்பவரோ வளர்ந்த பெண்மணி.

ஆகவே, எப்போது வரைந்தது என்று தெரிந்தால் யாராக இருக்க முடியாது என்பதாவது தெரிந்துவிடும். உடையின் பாணி ஓரளவு காலம் காட்டும். ஆனால், பழைய ஓவியத்தைப் பார்த்துப் படியெடுப்பவர் பழைய உடையையே வரைவார். மரம் அப்படி ஏமாற்றாது. வட ஐரோப்பிய ஓவியர்கள் பெரும்பாலும் ஓக் மரப்பலகையில் தீட்டினர். ஓக் மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம். மழையும் வெயிலும் நன்கு வாய்த்த ஆண்டில் வளையம் அகலமாகவும் வாடிய ஆண்டில் குறுகலாகவும் அமையும். இந்த வரிசையை, காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, பலகையின் கடைசி வளையம் எந்த ஆண்டினது என்று அறிகின்றனர். தச்சர் மரத்தின் வெளிப்பகுதியைச் செதுக்கிவிடுவதால், மறைந்துபோன வளையங்களுக்கும் சில ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். (குளிர்காலமே இல்லாத நம் நாட்டில் பல மரங்களில் வளையம் தெளிவாக விழுவதில்லை. எனவே, இதை விளக்கப் படம்தான் வரைய வேண்டியிருக்கும்.) இம்முறையால் கிடைப்பது மரம் வெட்டப்பட்டிருக்கக்கூடிய மிக முந்திய ஆண்டு மட்டுமே. ஓவியர் தூரிகையைத் தொட்ட நாள் அன்று.

2006-இல் அதே காட்சியகம் வாங்கிய இன்னொரு படம், அது இருந்த இடத்தின் பெயரால் ஸ்ட்ரெத்தம் ஓவியம் எனப்படுகிறது. அதில் ஜேன் சீமாட்டி என்ற பெயரே எழுதப்பட்டிருக்கிறது. உடையும் 1550-களின் பாணி. ஆனால், பலகையின் வளையங்கள் அதை 1590-களுக்குக் கொண்டுசென்றன. ஜேன் மாண்டு நாற்பது ஆண்டுகள் ஆன பின் தீட்டிய நினைவுப்படம் அது. இழந்துபோன மூலம் ஒன்றைப் பார்த்து வரைந்ததாகவும் இருக்கலாம். கண்களின் மீதும் வாயின் மீதும் யாரோ கீறிய தடங்கள் உள்ளன.

மூன்றாவது படம் ரெஸ்ட் பார்க் மாளிகையைச் சேர்ந்தது. கிரே குடும்பத்தார் ஒருவர் 1701-இல் அதை ஜேனின் உருவம் என்றே வாங்கினார். பின்னாளில் அறிஞர்கள் ஐயுற்றனர். 2025 மார்ச்சில் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. பலகை 1539-க்கும் ஏறத்தாழ 1571-க்கும் இடையில் பயன்பட்டது. அகச்சிவப்புக் கதிரால் நோக்கியபோது, பெண்ணின் உடை பின்னர் மாற்றி வரையப்பட்டது தெரிந்தது. தோளை மூடும் எளிய வெள்ளைத் துணி பிற்சேர்க்கையாக இருக்கலாம் என்கின்றனர். அணிமணியோடு இருந்த ஒருவரை அடக்கமான சமயத் தியாகியாக ஆக்கும் பொருட்டு யாரோ இதைச் செய்திருக்கலாம். பலகையின் பின்புறத்திலுள்ள வணிகர் முத்திரை, ஆறாம் எட்வர்டின் ஓவியம் ஒன்றிலுள்ள முத்திரையை ஒத்திருக்கிறது. இங்கும் கண்கள் கீறப்பட்டுள்ளன.

இவ்வளவு கிடைத்தும், இது ஜேன்தான் என்று அவ்வமைப்பு அறுதியிட்டுக் கூறவில்லை. இருக்கக்கூடும் என்றே கூறியது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன். மரம் சொல்லும் காலத்திற்குள் ஜேனின் வாழ்நாள் அடங்குகிறது; அவர் இறந்த பிறகான பதினேழு ஆண்டுகளும் அடங்குகின்றன. இந்தப் படத்தைத் திரட்டேட்டில் ஒட்டும் மாணவரிடம், பெயருக்கு முன்னால் ‘எனக் கருதப்படும்’ என்ற இரு சொற்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.