செய்மதி கண்ட முனைவு முகில்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலமொன்றின் பெறுமதி அது தோன்றிய வேளையிலேயே முற்றாக வெளிப்பட்டுவிடுவதில்லை. பிற்காலத்தில் எழும் வினாவே பல சந்தர்ப்பங்களில் அதற்கு உயிரூட்டுகின்றது. முனைவு வானத்து முகில்கள் பற்றிய செய்மதிப் பதிவுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

படைமண்டலம் மிக வறண்டது. ஆதலின் அங்கு முகில்கள் தோன்றுதல் அரிது. நோர்வேயின் மாரிகால அந்திவானில் தென்பட்ட முத்துச்சிப்பி நிற முகில்களை ஒளிப்படமெடுத்து ஆராய்ந்த கார்ல் ஸ்ரோமர், அவை 20 கிலோமீற்றருக்கும் மேலே நிலவுவதை நிறுவினார். எனினும், நிலத்தில் நிற்பவர் தம் கண்ணுக்கெட்டிய வானத்தை மட்டுமே காண்பர். அம்முகில்களின் பரப்பும் அவை தோன்றும் காலமும் தெளிவாக அறியப்படவில்லை.

1978 ஒற்றோபரில் ஐக்கிய அமெரிக்கா ஏவிய நிம்பசு-7 செய்மதியில் சாம்-2 என்னும் கருவி இடம்பெற்றது. வளிமண்டலத்தினூடாக வரும் சூரிய ஒளி எவ்வளவு மங்குகின்றது என அளந்து, படைமண்டலத்து நுண்துணிக்கைகளை ஆராய்தலே அதன் நோக்கம். இரு முனைவுகளிலும் மாரிகாலத்தில் ஒளி பெரிதும் மங்கியமை முகில்களின் இருப்பைப் புலப்படுத்தியது. மக்கோமிக்கும் அவருடன் பணியாற்றியோரும் 1982இல் இதனை வெளியிட்டனர். ஆட்டிக்கைவிட அந்தாட்டிக்கில் இம்முகில்கள் மிகுதியாகத் தோன்றின. வட அரைக்கோளத்தின் மலைகளும் நிலம், கடல் வேறுபாடும் எழுப்பும் பேரலைகள் ஆட்டிக்கின் படைமண்டலத்தை அடிக்கடி வெப்பமாக்குகின்றன; தென்முனைவின் குளிரோ நெடிது நிலைக்கின்றது.

1985இல் பாமன், காடினர், சாங்ளின் ஆகியோர் அந்தாட்டிக்கு இளவேனிலில் ஓசோன் பெரிதும் குறைந்துவருவதை அறிவித்தனர். ஏன் அங்கே? ஏன் அப்பருவத்தில்? அடுத்த ஆண்டு சூசன் சொலமனும் பிறரும் விடையொன்றை முன்வைத்தனர். குளோரோபுளோரோகாபன்களிலிருந்து பிறந்த குளோரீன் சேர்வைகள் முகில் துணிக்கைகளின் மேற்பரப்பில் தாக்கமடைகின்றன. சூரியன் மீண்டதும் ஓசோனை அழிக்கும் குளோரீன் உருவாகின்றது என்பதே அவ்விடை. முகில்கள் மிகுந்த இடமும் பருவமும் செய்மதிப் பதிவில் ஏற்கெனவே இருந்தன. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. அவ்வாண்டின் விமான ஆய்வுகள் குளோரீனின் பங்கை உறுதிப்படுத்தின.

எந்த மூலத்துக்கும் எல்லையுண்டு. சூரியனை நம்பிய சாம்-2 முனைவிரவின் இருளுக்குள் நோக்க வல்லதன்று. 2006இல் ஏவப்பட்டு 2023வரை பணியாற்றிய கலிப்சோ செய்மதியே தன் லேசர் ஒளியால் அவ்விருளையும் பதிந்தது.

பதிவு தானாக விடை கூறவில்லை. வினாவும் கொள்கையும் பின்னரே வந்தன. ஆயினும், அவை வந்தபோது பதிவு இருந்தது. உடனடிப் பயன் புலப்படாத பதிவுகளையும் பேணுதல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.